நாலு மணி நாவல்

சேகர்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறாய். முதல் கேள்வி ஒவ்வொரு கடிதத்திலும் வருவதுதான்: இப்போது என்ன நாவல் படிக்கிறாய் அம்மா? இரண்டாவது நீ இதுவரை கேட்டிராதது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா உனக்கு போன் செய்தார், பரோடாவில் மழை உண்டா என்று கேட்டார், இல்லை என்றதும் சரி என்று வைத்துவிட்டார், உடம்புக்கு ஏதாவதா, மறைக்காமல் எழுது என்கிறாய். உடம்புக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை போன மாதம் இருந்த அளவில்தான் இருக்கிறது. கால் வீக்கம் வடிந்துவிட்டது. மறைக்க எதுவும் இல்லை. ஆனால் உன்னுடைய இரண்டு கேள்விகளுக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. வெளியே போக வழியில்லாததால் எழுத நேரமும் இருக்கிறது.

நீ ஊரை விட்டுப் போன பிறகு அப்பா நாவல் கேட்க ஆரம்பித்தார். இதை உனக்கு நான் எழுதவே இல்லை. எழுதக் கூடாது என்று ஒன்றுமில்லை, எனக்கே அது கொஞ்ச நாள் நம்பும்படி இல்லை. உனக்குத் தெரியும், அந்த மனிதர் வாழ்நாளில் கதைப் புத்தகம் தொட்டவர் இல்லை. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவர். அவரைப் பொறுத்தவரை எழுத்து என்பது வரைபடத்தில் ஊர்ப் பெயரைக் கோணாமல் எழுதுவது. நீயும் நானும் மந்தைவெளி வாடகை நூலகத்திலிருந்து பை நிறையப் புத்தகங்களோடு வரும்போதெல்லாம், படுத்துக்கொண்டு படிக்காதீர்கள், கண் போய்விடும் என்று மட்டும் சொல்வார். ஒரு நாள் கச்சேரி சாலையில் நீ புத்தகத்தை விரித்துப் படித்துக்கொண்டே நடந்து, நின்றுகொண்டிருந்த எருமையின் மேல் மோதினாய். எருமை திரும்பிப் பார்த்தது. நீ பார்க்கவில்லை. அதை வீட்டில் வந்து சொன்னபோது நாம் இருவரும் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. பஸ்ஸாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இவருக்கு ரசனை கிடையாது என்று நாம் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டோம்.

கண் ஆபரேஷனில் பார்வை போன பிறகு முதல் சில மாதங்கள் ரேடியோ கேட்டார். காலையில் நான் பேப்பர் படித்துக் காட்டுவேன். நாலு மணிக்குக் காபி. காபிக்குப் பிறகு நான் எனக்கென்று படிக்கிற நேரம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் அழைப்புகளை இணைக்கிற டிரங்க் போர்டில் உட்கார்ந்து, இரண்டு அழைப்புகளுக்கு நடுவே மடியில் நாவலை வைத்துப் படித்து வளர்ந்த பழக்கம் அது. ஓய்வு பெற்ற பிறகும் அந்த நேரத்தை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு நாள் நான் படித்துக்கொண்டிருக்கும்போது, என்ன படிக்கிறாய் என்று கேட்டார். நாவல் என்றேன்.

"சத்தமா படியேன். நீ பக்கம் திருப்பற சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கறது ஒரு மாதிரியா இருக்கு" என்றார்.

நான் அப்போது புத்தகத்தின் பாதியில் இருந்தேன். முதலிலிருந்து ஆரம்பிக்கவா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கிற இடத்திலிருந்தே படி என்றார். அந்த இடத்தில் ஒரு பெண் கோபித்துக்கொண்டு சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போகிறாள். அவளுக்கு ஏன் கோபம் என்றார். ஆகவே முன்கதையை நான் சுருக்கிச் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லிக்கொண்டு வரும்போதுதான் எனக்கே தெரிந்தது, அவ்வளவு பக்கங்களில் அவள் கோபத்துக்குச் சரியான காரணம் எதுவும் இல்லை. தனியாகப் படித்தபோது அந்தப் பெண்ணுக்காக நான் வருத்தப்பட்டிருந்தேன். இன்னொருவருக்குச் சொல்லும்போது அந்த வருத்தம் நிற்கவில்லை. அந்த நாவலைப் பற்றி என் அபிப்பிராயம் இதுதான், இதற்கு மேல் அதற்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை.

குரலை மாற்றிப் படிப்பது அப்பாவுக்குப் பிடிக்காது. கிழவருக்கு ஒரு குரல், குழந்தைக்கு ஒரு குரல் என்று நான் முதல் வாரம் முயன்று பார்த்தேன். நாடகமெல்லாம் வேண்டாம், நீ எக்ஸ்சேஞ்சில் "லைனில் இருங்கள்" என்று சொல்வாயே, அந்தக் குரலில் படி என்றார். இப்போது கொலையையும் கல்யாணத்தையும் அந்த ஒரே குரலில்தான் படிக்கிறேன். இதில் ஒரு லாபம் இருக்கிறது. மோசமான வரிகள் அந்தக் குரலில் உடனே தெரிந்துவிடும். நீயும் ஒரு முறை செய்து பார். உனக்கு மிகவும் பிடித்த ஒரு பக்கத்தை, ரயில் எத்தனையாவது பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று அறிவிப்பது போலப் படி. அப்போதும் நன்றாக இருந்தால் அதை எழுதியவரை நம்பலாம்.

அவருக்காக முதலில் எடுத்து வந்தது மூன்று பாகச் சரித்திர நாவல். ஆண்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று நினைத்துவிட்டேன். இளவரசன் கோட்டைக்குள்ளிருந்து சுரங்கப் பாதை வழியாகக் கடற்கரைக்குத் தப்பிக்கிறான். அப்பா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். கடலிலிருந்து கோட்டை எவ்வளவு தூரம் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டார். கூப்பிடு தூரம் என்று இருந்தது. அப்படியானால் ஆள் உயரம் தோண்டுவதற்குள் தண்ணீர் வந்துவிடும், உன் இளவரசன் நீந்தித்தான் போக வேண்டும் என்றார். மூன்று பாகங்களையும் அந்தச் சுரங்கத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். எடுத்த புத்தகத்தை முடிக்காமல் திருப்பிக் கொடுத்தால் முன்பெல்லாம் எனக்கு உறுத்தும். இப்போது உறுத்துவதில்லை. நீயும் பிடிக்காத புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. நேரம் உன்னுடையது.

அடுத்தது நம் ஊரிலேயே நடக்கிற காதல் கதை. அவள் தி.நகரில் துணிக்கடை விற்பனைப் பெண், அவன் அடையாறில் பாங்கு குமாஸ்தா. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் இருவரும் பேச வேண்டும் என்று வந்து, பேசவே முடியாமல் ஒருவர் பின் ஒருவராகத் தெரு முழுக்க நடந்து முடிக்கிற அத்தியாயம் எனக்குப் பிடித்தது. அதை இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னார் அப்பா. கடைசியில் மெரினாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். சூரியன் மெல்ல மெல்லக் கடலுக்குள் இறங்குகிறது. நான் கவனிக்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டேன். இரு, எங்கே இறங்குகிறது என்றார். கடலில் என்றேன். பிறகுதான் எனக்கும் புரிந்தது. அவர் சிரிக்க ஆரம்பித்தார். மேற்கே திருவல்லிக்கேணிப் பக்கம் இறங்க வேண்டிய சூரியனைப் பிடித்துக் கடலில் தள்ளிவிட்டானே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கத்தின் ஓரத்தில், எங்களுக்கு முன்னால் படித்த யாரோ பென்சிலால் "அருமை" என்று எழுதியிருந்தார்கள். அதையும் சொன்னேன். அன்றிலிருந்து ஓரத்தில் யார் என்ன எழுதியிருந்தாலும் அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு.

புதன்கிழமைகளில் பஷீர் பாய் வருவார். உனக்கு அவரைத் தெரியும், அப்பாவின் அலுவலகத்திலேயே அச்சுப் பிரிவில் இருந்தவர். திருவல்லிக்கேணியிலிருந்து பஸ் பிடித்து வருவார். முதலில் கண் தெரியாத நண்பரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தார், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். இப்போது வருவது கதைக்காகத்தான். ஒரு வாரம் வர முடியாமல் போனால், அடுத்த வாரம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னா ஆச்சு மா, அந்தப் பொண்ணு வீட்டை விட்டுப் போச்சா, இன்னும் அங்கயேதான் இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைவார்.

வங்காளத்திலிருந்து மொழிபெயர்த்த நாவல் ஒன்றைப் படித்தோம். அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு குளத்தைப் பாகம் பிரிக்கிறார்கள். நடுவில் மூங்கில் நட்டு வேலி போடுகிறார்கள். அதிகம் பேசாத, நிதானமான நாவல். இந்த இரண்டு வருடத்தில் நான் படித்தவற்றில் அதைத்தான் முதலில் வைப்பேன். அண்ணன் அளந்தது சரி, ஆகவே அண்ணன் பக்கம்தான் நியாயம் என்றார் அப்பா. அளவு சரியாக இருந்தால் போதுமா, தம்பிதானே அந்தக் குளத்தில் தினமும் குளிக்கிறவன் என்றார் பஷீர் பாய். பேச்சு முற்றி, டீ குடிக்காமலே எழுந்து போய்விட்டார். அடுத்த புதன்கிழமை வருவாரோ மாட்டாரோ என்று அப்பா செவ்வாய்க்கிழமையே இரண்டு தடவை கேட்டார். வந்தார். வந்து உட்கார்ந்ததும், "எங்க வீட்ல சொன்னேன். ரெண்டு பேருமே லூசு, மீனுக்கு இன்னா தெரியும் எந்தப் பக்கம் யாருதுன்னு, அப்டின்னுச்சு" என்றார். அந்த நாவலைப் பற்றி இதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

அன்றைக்கு நான் டீ போட உள்ளே போயிருந்தபோது உன்னைப் பற்றிப் பேச்சு வந்தது. பையன் வரவில்லையா, பார்த்து இரண்டு வருடம் ஆகிறதே என்று பஷீர் பாய் கேட்டிருக்கிறார். அப்பா சொன்ன பதில் எனக்குச் சமையலறை வாசலில் கேட்டது.

"என்னால அவனைப் பாக்க முடியாது பஷீர், அது கண்ணு விஷயம். அவனால என்னைப் பாக்க முடியலை. அதுக்கு எந்த டாக்டர் என்ன பண்ணுவார்?"

சுரங்கத்தில் தண்ணீர் வரும் என்று சொன்னாரே, அதே குரலில்தான் இதையும் சொன்னார். நான் கொஞ்ச நேரம் தட்டோடு அங்கேயே நின்றுவிட்டு, பிறகு டீயைக் கொண்டுபோய் வைத்தேன். அவர்கள் குளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

இதை நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியாது. நீ என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்பது ஓரளவு தெரியும். ஆபரேஷன் வேண்டாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தவரை நீதான் பேசிப் பேசி அழைத்துப் போனாய். இருக்கிற பார்வையும் போகலாம், கொஞ்சம் திரும்பவும் செய்யலாம், உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார். அந்த அறையில் நாம் மூன்று பேருமே இருந்தோம். கையெழுத்துப் போட்டவர் அப்பா. கட்டுப் பிரித்த அன்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, அதற்குள் இருட்டிவிட்டதா என்று கேட்டார். மத்தியான வெயில் கட்டில் மேலேயே அடித்துக்கொண்டிருந்தது. நீ எழுந்து வெளியே போய்விட்டாய். நீ போவதை நான் பார்த்தேன், அவர் காதால் கேட்டார். அதற்கு அடுத்த மாதமே பரோடாவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாய். சனிக்கிழமைகளில் நான் உனக்கு போன் செய்யும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் ரிசீவரை வாங்குவதில்லை. கோபம் என்று நீ எடுத்துக்கொண்டாய். அவரோ, பேசினால் உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். இணைப்புக் கொடுப்பவள் நடுவில் பேசக் கூடாது என்பது எங்களுக்கு வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்த விதி. வீட்டிலும் அப்படியே இருந்துவிட்டேன். அது சரியா தவறா என்பதை நீயே முடிவு செய்துகொள்.

இனி போன மாதம் படித்த நாவலுக்கு வருகிறேன். ஒரு சிறிய ஊர். பஸ் நிலையத்துக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருக்கிற அப்பா. ஒரே மகன் வடக்கே எங்கோ போய் வேலையில் சேர்ந்துவிடுகிறான். இருவருக்கும் பேச்சு இல்லை. ஏன் இல்லை என்று நாவலாசிரியர் முக்கால் புத்தகம் வரை சொல்வதில்லை. சொல்லும்போது அது மிகச் சிறிய விஷயமாக இருக்கிறது. இது எனக்குப் பிடித்தது. சைக்கிள் கடை வேலையை அவர் நன்றாகத் தெரிந்துகொண்டு எழுதியிருக்கிறார், பஞ்சர் ட்யூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிற இடத்தைத் தேடுவதற்கு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார், நீளமாகவே தெரியவில்லை. உன் அப்பாவும் ஒரு குற்றமும் கண்டுபிடிக்கவில்லை. வழக்கமாக ஓர் அத்தியாயத்தோடு போதும் என்பவர், இந்தப் புத்தகத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். விளக்குப் போடுகிற நேரம் வரை படித்த நாட்களும் உண்டு.

கடைசி அத்தியாயத்தை ஒரு வியாழக்கிழமை எடுத்தோம். எனக்கு ஒரு பழக்கம், வாய் ஒரு வரியில் இருக்கும்போதே கண் நாலு வரி முன்னால் போய்விடும். மகனுக்குத் தந்தி வருகிறது. ரயிலில் ஏறுகிறான். கண் அடுத்த பக்கத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டது. அவன் வந்து சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டிருக்கிறது. கடையைத் திறந்து பார்க்கிறான், தொட்டித் தண்ணீரில் பாதி பார்த்த ட்யூப் ஒன்று அப்படியே கிடக்கிறது. நான் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன். அப்பா சாய்வு நாற்காலியில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார், முழங்கைகளைத் தொடையில் ஊன்றி. திரும்பவும் புத்தகத்தை எடுத்தேன், ஆனால் அதில் இருந்ததைப் படிக்கவில்லை. ரயில் நேரத்துக்கு வந்தது என்று சொன்னேன். மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே கடைக்கு வந்தான். அவன் அப்பா ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழியைத் தேடிக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார். இப்படியே புத்தகத் தமிழில் சொல்லிக்கொண்டு போய் ஒரு முடிவும் கொடுத்துப் புத்தகத்தை மூடினேன். சுமாராக வந்துவிட்டது என்றே நினைத்தேன். எதிர் வீட்டு டிவியில் ஏதோ தொடர் ஆரம்பிக்கிற பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். பிறகு, "பக்கம் திருப்பற சத்தமே கேக்கலையே" என்றார்.

மூடிய புத்தகத்தை மடியில் வைத்தேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அவன் என்ன எழுதியிருக்கானோ அதைப் படி."

மறுபடி திறந்து, விட்ட இடத்திலிருந்து படித்தேன். தந்தி, ரயில், பூட்டிய கடை. மகன் தொட்டிக்குள் கையை விட்டு அந்த ட்யூபை எடுக்கிற இடத்தில், அத்தனை வருடம் டிரங்க் போர்டில் உட்கார்ந்து பழகிய குரல் எனக்கு வரவில்லை. அப்பா அவசரப்படுத்தவில்லை. பிறகு படித்து முடித்தேன். முடித்ததும் என் அபிப்பிராயத்தைச் சொன்னேன், உனக்கும் அதையேதான் எழுதுகிறேன்: இந்த நாவலாசிரியர் சோம்பேறி. ஒரு ஆளைச் சாகடிப்பது சுலபம். உயிரோடு வைத்திருந்தால் அந்த இரண்டு பேரையும் பேச வைக்க வேண்டும். அது கஷ்டம் என்பதால் தந்தி அடித்துவிட்டார். அவ்வளவு நல்ல புத்தகத்தில் அந்த ஒரு அத்தியாயம் மட்டும் எனக்கு ஏமாற்று வேலையாகத் தெரிகிறது.

அப்பா இதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஊரில் போன் இல்லையா என்று கேட்டார். இருக்கிறது, தபால் நிலையத்தில் இருக்கிறது என்று முன்பே ஓரிடத்தில் வருகிறது என்றேன். மகனின் நம்பர் அந்த அப்பாவுக்குத் தெரியுமா என்றார். தெரியும், கடைச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார் என்றேன். அவர் வெகு நேரம் யோசித்தார்.

"அப்ப எழுதினவனைச் சொல்லிக் குத்தமில்லை. அப்பன்தான் பண்ணியிருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு கை கால் கழுவப் போனார். பாதி வழியில் நின்று, பஷீர் பாய்க்கு எந்த முடிவைச் சொல்லப் போகிறாய் என்று கேட்டார். நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவருக்கு நீ சொன்னதையே சொல்லிவிடு என்றார். அப்படியே சொல்லிவிட்டேன். பஷீர் பாய்க்கு அந்த நாவல் ரொம்பப் பிடித்துப்போனது. அந்த அப்பா சாப்பிட்டாயா என்று கேட்டதை மட்டும் இரண்டு மூன்று தடவை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் வடக்கு மாட வீதிக்குக் காய் வாங்கப் போயிருந்தேன். கத்தரிக்காயை எடை போடும்போது மழை பிடித்துக்கொண்டது. பாத்திரக் கடை ஒன்றின் ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டு, விட்டதும் வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் அப்பா நாற்காலியில் இல்லை. போன் மூலையில், ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கை ரிசீவர் மேல் இருந்தது. பரோடாவில் மழை இல்லையாம் என்றார். யார் சொன்னது என்றேன். அவன்தான் என்றார்.

உன் நம்பர் அவருக்கு எப்படித் தெரியும் என்று நீ யோசித்திருக்க மாட்டாய். நான் யோசித்தேன், கேட்கவும் செய்தேன். டயலைச் சுற்றும்போது எண்களை வாய்விட்டுச் சொல்வது எனக்கு எக்ஸ்சேஞ்ச் பழக்கம். இரண்டு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், அப்படியே மனப்பாடம் ஆகியிருக்கிறது. ஓட்டைகளை விரலால் எண்ணி எண்ணிச் சுற்றினாராம். முதல் தடவை யாரோ ஒரு அம்மாள் குஜராத்தியில் பேசியிருக்கிறாள். மன்னிக்கச் சொல்லிவிட்டு, வைத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து சுற்றியிருக்கிறார். வேறு என்ன பேசினீர்கள் என்றேன். வேறு ஒன்றும் பேசவில்லை, மழை இல்லை என்று சொல்லிவிட்டான், அதற்கு மேல் என்ன கேட்பது என்றார். மத்தியானம் சாப்பிடும்போதும் அதைப் பற்றிப் பேச்சில்லை. நாலு மணிக்குக் காபித் தம்ளரைக் கையில் கொடுக்கும்போதுதான் சொன்னார்.

"அவன் குரலுக்கு வயசாயிடுச்சு. நீ சொல்லவே இல்லையே."

வாரா வாரம் கேட்கிறேன், அதனால் எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். காபி ஆறும் வரை குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

ஆகவே உன் இரண்டாவது கேள்விக்குப் பதில்: உடம்புக்கு ஒன்றுமில்லை, ஒரு நாவலைப் பற்றி அவருக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. முதல் கேள்விக்கு: இப்போது துப்பறியும் நாவல் ஒன்று படிக்கிறோம். யார் செத்தாலும் முதல் அத்தியாயத்திலேயே செத்துவிட வேண்டும், அப்படி ஒன்று பார்த்து எடுத்து வா என்று அப்பாதான் சொல்லி அனுப்பினார். கொட்டிவாக்கத்தில் கடலைப் பார்த்த ஒரு பங்களா, அதில் ஒரு பணக்காரர், பாலில் விஷம். கதை சாதாரணம்தான், ஆனால் பங்களாவின் அறைகளை நாவலாசிரியர் ஒழுங்காக விவரித்திருக்கிறார், எந்தக் கதவு எதற்குள் திறக்கிறது என்பதில் அப்பா இதுவரை தப்புக் கண்டுபிடிக்கவில்லை. சமையல்காரர் மேல் பஷீர் பாய்க்குச் சந்தேகம், குடும்ப டாக்டர் மேல் அப்பாவுக்கு. யாரோ ஒரு புண்ணியவான் நாலாவது பக்கத்திலேயே கொலைகாரன் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். ஓரத்தில் எழுதியிருப்பதையெல்லாம் படிக்க வேண்டும் என்பது உத்தரவுதான், இதை மட்டும் படிக்காமல் விட்டேன்.

லீவு போட்டு வா என்று இதில் நான் எழுதப் போவதில்லை. அது உன் விஷயம். நீ கேட்டது நாவல்களைப் பற்றி, சொல்லிவிட்டேன். வீட்டில் ஒரு சின்ன மாற்றம் மட்டும் செய்திருக்கிறோம். போன் ஸ்டூலைத் தன் பக்கத்தில் நகர்த்தச் சொன்னார் அப்பா. ஒயர் எட்டவில்லை. அதனால் சாய்வு நாற்காலியை ஸ்டூல் பக்கத்துக்கு நகர்த்தினோம். அவர் வலது கையை நீட்டினால் ரிசீவர் எட்டும். எனக்கு ஜன்னல் வெளிச்சம் வேண்டும் என்பதால் நான் எதிர்மூலையிலேயே உட்கார்ந்து படிக்கிறேன். படிக்கும்போது நடுவில் எழுந்திருப்பது எனக்குப் பிடிக்காது, அது உனக்கும் தெரியும். நாலு மணிக்கு மேல் போன் அடித்தால் நான் எடுக்க மாட்டேன்.

அம்மா